கொழுந்துக் கணக்கும் தொடரேடும்

எழுத்தறிவிக்கும் ஆசானைப் பழந்தமிழர் கணக்காயர் என வழங்கினர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரை நம் மாணவர் அனைவரும் அறிவர். கணக்கு என்னும் சொல் எண்ணை மட்டுமன்றி எழுதப்பெற்ற நூலையும் குறித்தமையாலேயே பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயரும் உண்டாயிற்று. மலாயாவின் தோட்டப்புறங்களில் இச்சொல் தன் பழம்பொருளை மீண்டும் பெற்றது. பெற்ற முறைதான் சற்றுக் கசப்பானது. தொடக்கக் காலத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்தவர், அப்பிள்ளைகளின் பெற்றோருக்குப் பேர் போட்ட கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார். எழுதத் தெரிந்தவர் அவரே. அவர் எழுதியதைப் படித்துப் பார்க்கவல்ல மற்றொருவர் லயத்தில் இருப்பது அரிது.

இன்று பிளாக்செயின் என்னும் கணினிப் பேரேட்டு முறை உலகெங்கும் பேசப்படுகின்றது. தமிழில் அதனைத் தொடரேடு எனலாம். சங்க இலக்கியத்தில் தொடர் என்னும் சொல்லுக்குச் சங்கிலி என்னும் பொருள் உண்டாதலின் இப்பெயர் மிகப் பொருந்தும். அத்தொடரேட்டு ஆய்வு வளர்ந்த வரலாற்றைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் கணக்கேட்டு வரலாற்றோடு அருகருகே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பால்காய்ச்சும் அடுப்பையும் வானூர்தியையும் ஒப்பிடுவது போன்றதன்றோ இது எனச் சிலர் வினவக்கூடும். அவ்வாறன்று. எழுதுகோல் ஒருவர் கையிலும் அதன் விளைவு மற்றொருவர் வயிற்றிலும் இருக்கும்போது, எழுதியதைச் சரிபார்ப்பவர் யார் என்னும் கேள்வி இரண்டிற்கும் பொது.

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் ஆங்கில நில அளவையாளர் பகாங்கின் மேற்கெல்லை மலைகளை அளந்து சென்றார். அவர் பெயரே அம்மலைக்கு நிலைத்தது. எனினும் பாதையின்மையால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அங்குக் குடியேற்றம் பெரிதாக நிகழவில்லை. 1920களின் நடுவில் அரசாங்கம் அதனைக் குளிர்வாசத்துக்கும் பயிர்த்தொழிலுக்கும் உரிய இடமாகக் கருதத் தொடங்கியது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய மில்ன் என்பாரின் துணையோடு போ தோட்டத்தை நிறுவினார். 1930களின் தொடக்கத்தில் தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை அமைந்தது. 1933இல் பாரத் நிறுவனமும் இம்மலையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கியது. காடழித்துச் சரிவுகளில் நாற்று நட்டவர்களும், பின்னர்க் கொழுந்து கிள்ளியவர்களும் பெரும்பாலும் தமிழர்களே.

தேயிலை இலங்கையிலிருந்து வந்தபோது விதை மட்டும் வரவில்லை. கணக்கெழுதும் முறையும் உடன் வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் திரட்டுவர். அங்கு எடுக்கப்படும் பெயர்க்கணக்கு செக்ரோல் என்னும் பேரேட்டில் ஏறும். முழுநாள் வேலைக்கு முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்பது இலங்கைத் தோட்டத் தமிழில் இன்றும் வழங்கும் வழக்கு. மனிதனின் பெயரே அவன் ஒருநாள் உழைப்பின் அளவுகோலாக ஆனதைக் காட்டும் இச்சொல்லாட்சியை, நம் சொல்லாய்வாளர் தனியே ஆராயலாம்.

கொழுந்துக் கணக்கு இதனினும் நுட்பமானது. கிள்ளிய கொழுந்தைப் பகலில் இரண்டு மூன்று முறை தராசுக்குக் கொண்டுவருவர். கணக்கெழுதுபவர் எடையைக் கூவுவார். சிறு புத்தகத்தில் குறிப்பார். பின்னர் அலுவலகத்தில் அது பேரேட்டில் ஏறும். கூடையின் எடைக்கென ஒரு கழிவு, மழைநாளில் இலையின் ஈரத்துக்கென மற்றொரு கழிவு. தேயிலை விளையும் நாடுகள் பலவற்றிலும் தொழிலாளர் நெடுங்காலமாக முறையிட்டு வந்தது இக்கழிவுகளைப் பற்றியே. ஈண்டு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அதே கொழுந்து ஆலையில் மீண்டும் எடைபோடப்படுகின்றது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவை என்பதால், நிருவாகம் அக்கணக்கை மிகக் கவனமாகப் பேணும். எனவே மலைச்சரிவில் எழுதிய எடையையும் ஆலையில் எழுதிய எடையையும் ஒப்புநோக்கினால், இடையில் எவ்வளவு கழிந்தது என்பது புலப்படும். ஆயின் அவ்விரு ஏடுகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே பூட்டினுள் இருந்தன. கிள்ளியவளுக்குக் கிடைத்தது அவள் காதில் விழுந்த எண் மட்டுமே.

தொழிலாளியின் கையில் எந்தப் பதிவும் தரப்படவில்லை எனக் கூறுவதற்கில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குச் சென்ற தமிழர்க்கு, தோட்டத்தின் எண் பொறித்த உலோக வில்லை ஒன்று அளிக்கப்பட்டது. அதனைக் கழுத்தில் அணிந்தே அவர்கள் கடல் கடந்தனர். தாங்கியவனால் படிக்கவியலாத பதிவு அது. சரக்கு மூட்டையில் இடும் குறிக்கும் அதற்கும் வேறுபாடு சிறிது. அதனினும் கொடியது துண்டு முறை. ஓர் ஆள் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், அவன் பட்ட கடனைப் புதிய தோட்டம் செலுத்துமாயின் அவனை விடுவிப்பதாகப் பழைய தோட்டம் எழுதித்தரும் சீட்டே துண்டு. கடன் தீர்ந்ததில்லை, ஒரு பேரேட்டிலிருந்து மற்றொரு பேரேட்டுக்கு அவனைத் தொடர்ந்தது. 1921இல் சட்டத்தின் வழி அம்முறை ஒழிக்கப்பட்டது. அழியாத பதிவு எப்போதும் நன்மையே பயக்கும் எனக் கருதுவோர் துண்டின் வரலாற்றை ஒருமுறை படிப்பது நன்று.

மலாயாவில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே மேலோங்கியது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி வழிச்செலவை ஏற்றதால், தொழிலாளி கடலைக் கடக்கும்போதே கடனாளியாக வேண்டிய நிலை குறைந்தது. ஆயினும் கங்காணிக்குத் தன்னாட்கள் வேலைக்கு வந்த கணக்கின்படி தலைக்காசு கிடைத்தது. ஆள் நலிந்து லயத்தில் கிடந்தால் அவன் கூலியோடு கங்காணியின் காசும் போகும். ஆகவே பெயர்க்கணக்கு எழுதும் இடத்தில் நடுநிலையாளர் எவரும் இருந்ததில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 1938இல் இந்திய அரசாங்கம் விதித்த குடியேற்றத் தடை, 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் என ஒவ்வொன்றும் அந்நிலையைச் சிறிது சிறிதாக மாற்றின.

பதிவின்மையால் விளைந்த பெருந்துயரம் விடுதலைக்குப் பின்னரே வந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதோர், அதன் தேவையை உணராதோர், விண்ணப்பிக்க அழைத்துச் செல்வாரின்றி இருந்தோர் எனத் தோட்டப்புறத்தில் பலர் குடியுரிமை பெறாதிருந்தனர். குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கிய 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்கள் உழைத்த ஆண்டுகள் ஏதோ ஒரு பேரேட்டில் இருந்திருக்கும். அந்தப் பேரேடு அவர்களிடம் இல்லை. சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையெய்தியோரை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம்.

எழுதப்பட்டதை மாற்றவொண்ணாதபடி காப்பது எவ்வாறு என்னும் சிந்தனை தமிழர்க்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட வரலாற்றை இந்நோக்கில் படித்துப் பார்க்கலாம். திருமணப் பந்தலில் முதியவர் காட்டிய அடிமையோலையைச் சுந்தரர் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியே, மூலவோலை தம்மிடம் உளது என்கின்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் மூலவோலையைப் பெற்று, சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து ஒப்புநோக்கித் தீர்ப்பளிக்கின்றனர். படி வேறு, மூலம் வேறு, ஒப்பிடுவதற்கு மூன்றாவது இடத்தில் ஓர் ஆவணம் என மூவகைக் காப்பு இதன்கண் உளது. முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் வாரியத்துக்குத் தெரிவு செய்யலாகாது என விதித்தன. அவ்விதி ஊரார் கூடும் இடத்தின் சுவரிலேயே வெட்டப்பட்டது. மலாயாவிலும் பர்மாவிலும் கடைவைத்த நாட்டுக்கோட்டை நகரத்தார், தம் முகவர் எழுதிய கணக்கை முறையாகச் செட்டிநாட்டுக்கு வரவழைத்து ஐந்தொகை பார்த்தனர். ஏடு ஈரிடத்தில் இருந்தால் ஓரிடத்தில் திருத்த அஞ்சுவர் என்பதே இதன் அடிப்படை. ஆனால் நகரத்தாரின் கணக்கில் இருபடியும் முதலாளியின் பக்கத்திலேயே இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும்.

தொடரேட்டு ஆய்வின் தோற்றமும் இத்தகைய எளிய ஐயத்திலிருந்தே கிளைத்தது. 1979இல் ரால்ஃப் மெர்க்கிள், ஏராளமான ஆவணங்களைக் கிளைகிளையாய்ச் சுருக்கி ஒரே முத்திரைக்குள் அடக்கும் மரவடிவ முறையைக் கண்டார். 1982இல் டேவிட் சாம், ஒருவரையொருவர் நம்பாத குழுவினர் சேர்ந்து ஒரு கணினி அமைப்பை எவ்வாறு நடத்தலாம் என்பதைத் தம் முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அதே ஆண்டில் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகிய மூவரும், தம்முள் துரோகிகள் கலந்திருப்பினும் படைத்தலைவர்கள் ஒருமித்த முடிவுக்கு வருவது எவ்வாறு என்னும் பைசாந்தியத் தளபதியர் சிக்கலை வெளியிட்டனர். இவை மூன்றும் அப்போது தனித்தனி ஓடைகள்.

அவற்றுள் கணக்கேட்டுக்கு மிக நெருங்கிய ஆய்வை அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டொர்னெட்டா ஆகியோர் 1991இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் பக்க எண்ணிட்டு இடைவெளியின்றி நாள்தோறும் எழுதிவந்தால், பின்னர் ஓர் ஏட்டைச் செருகுதல் கடினம். கணினியில் உள்ள ஆவணத்துக்கோ மையுமில்லை, தாளுமில்லை; நேற்றெழுதியதை இன்று மாற்றினால் அடையாளமும் இராது. இதற்கு அவர்கள் கண்ட வழியை நம் செக்ரோலைக் கொண்டே விளக்கலாம். ஒருநாளைய பக்கம் முழுவதையும் ஒரு கணித வாய்பாட்டுக்குள் செலுத்தினால் குறித்த நீளமுள்ள ஓர் எண் வெளிவரும். பக்கத்தில் 18 கிலோவை 17 என மாற்றினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும்; எண்ணைக் கொண்டு பக்கத்தை மீட்கவும் இயலாது. இதனைப் பக்கத்தின் கைரேகை எனக் கொள்வோம். மறுநாள் பக்கத்தின் தலைப்பில் முந்திய நாளின் கைரேகையை எழுதி, அதனையும் சேர்த்து மறுநாளுக்குரிய கைரேகையைக் கணிக்க வேண்டும். இவ்வாறு கோத்துவரின், சென்ற மாதப் பக்கமொன்றில் கைவைப்பவன் அன்று முதல் இன்றுவரை உள்ள பக்கங்கள் அனைத்தையும் திருத்தியாக வேண்டும்.

அனைத்தையும் திருத்திவிட்டால் என் செய்வது? அதற்கும் விடை கண்டனர். அவர்களது முறையைக் கொண்டு நிறுவப்பட்ட ஷூரிட்டி நிறுவனம், 1995 முதல் வாரந்தோறும் அவ்வாரத்தின் கைரேகையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் சிறு விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. நூலகங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும் நாளிதழ் படிகள் அனைத்தையும் எவரால் திருத்த முடியும்? உத்திரமேரூர்ச் சுவர் செய்த பணியை இங்கு நாளிதழ் செய்தது.

2008 அக்டோபர் 31ஆம் நாள் சத்தோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் பிட்காயின் பற்றிய சிறு கட்டுரை வெளிவந்தது. அதன் மேற்கோள் பட்டியலில் உள்ள எட்டு ஆக்கங்களுள் மூன்று, ஹேபரும் ஸ்டொர்னெட்டாவும் எழுதியவையாகும். நகமோட்டோ யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. அவர் செய்த புதுமை யாதெனின், ஏட்டின் படியை வேண்டுவோர் அனைவரும் வைத்துக்கொள்ளலாம், அடுத்த பக்கத்தை எழுதும் உரிமையைக் கடினமான கணக்கொன்றை முதலில் விடுவிப்பவர் பெறுவர் என்னும் ஏற்பாடு. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு பக்கம் எழுதப்படும். பொய்ப்பக்கம் எழுத விரும்புவோன் ஏனையோர் அனைவரின் கணிப்பாற்றலையும் விஞ்ச வேண்டும். 2009 சனவரி 3ஆம் நாள் எழுதப்பட்ட முதற்பக்கத்துள் அன்றைய இலண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி ஒன்று பொதிந்து வைக்கப்பட்டது.

இதன்பின் ஆய்வு விரைந்து பெருகியது. 2015இல் விட்டாலிக் பியூட்டரினும் அவர்தம் குழுவினரும் தொடங்கிய எதீரியம், ஏட்டினுள் வரவு செலவை மட்டுமன்றி நிபந்தனைகளையும் எழுதலாம் எனக் காட்டியது. இன்னது நிகழ்ந்தால் இவ்வளவு கொடுக்க என எழுதிவைத்தால், இடையாளின்றி அது தானே நிறைவேறும். அதே ஆண்டின் இறுதியில் லினக்ஸ் அறக்கட்டளை அறிவித்த ஹைப்பர்லெட்ஜர் திட்டம், அழைக்கப்பட்டோர் மட்டும் எழுதும் ஏடுகளுக்கு வழிவகுத்தது. கணக்குப் போட்டியால் மின்னாற்றல் பெருமளவு செலவாகின்றது என்னும் கண்டனம் வலுக்கவே, எதீரியம் 2022 செப்டம்பரில் அப்போட்டியைக் கைவிட்டது. அதன் மின்செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நாணயச் சூதாட்டம் பற்றி இங்கு எழுதப் புகவில்லை. நாளிதழ்கள் அதனைப் போதிய அளவு எழுதியுள்ளன.

பயன்பாடுகளுள் நம் பொருளுக்கு அணுக்கமானவை சில. வால்மார்ட் நிறுவனம் ஐபிஎம்முடன் நடத்திய சோதனையில், மாம்பழப் பொட்டலம் ஒன்று எத்தோட்டத்தில் விளைந்தது என அறிய முன்னர் ஏறத்தாழ ஏழு நாள் ஆயிற்று. தொடரேட்டின் வழி 2.2 நொடி. 2019 மார்ச்சில் இந்தியக் காப்பி வாரியம் விவசாயியையும் வாங்குவோரையும் இணைக்கும் தொடரேட்டுச் சந்தையைச் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டரசு 2020இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டு, அரசு ஆவணங்களுக்கான தொடரேட்டுக் கட்டமைப்புக்கு நம்பிக்கை இணையம் எனப் பெயரிட்டது, அழகிய பெயர். நம் நாட்டில் 2018இல் பட்டச் சான்றிதழ்களின் மெய்ம்மையை உறுதிசெய்யும் இ-ஸ்க்ரோல் என்னும் முறை அறிவிக்கப்பட்டது. பத்திரமின்மையால் நாடிழந்தோரின் பேரப்பிள்ளைகள் பெறும் பட்டங்களும் அம்முறைக்குள் அடங்கக்கூடும் என்பதை எண்ணுங்கால், காலம் எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்னும் வியப்பு எழுகின்றது.

தோல்விகளும் உள. மெர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய டிரேட்லென்ஸ் என்னும் சரக்குக் கப்பல் தொடரேடு, தொழில்துறை முழுவதும் ஒத்துழைக்காமையால் மூடப்படும் என 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பொது ஏடு என்றாலும் அது யாருடைய மேசையில் தொடங்கியது என்பதைப் போட்டியாளர் பார்க்கவே செய்வர்.

தேயிலையில் நிகழ்ந்த முயற்சியே நமக்கு முதன்மையானது. 2017 இறுதியில் யூனிலீவர், செயின்ஸ்பரி ஆகிய நிறுவனங்களும் வங்கிகள் சிலவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையமொன்றும் சேர்ந்து, ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பத்தாயிரம் வரையிலான தேயிலை விவசாயிகளை உட்கொள்ளும் தொடரேட்டுச் சோதனையை அறிவித்தன. மண்ணையும் மக்களையும் பேணி விளைவித்தமைக்கான தகவலை விவசாயி அளித்தால், அதன் பயனாக வணிகச் சங்கிலியில் மிச்சமாகும் கடன்செலவின் ஒரு பகுதி அவருக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் கருத்து. எழுதுவோனுக்கே எழுத்தின் ஊதியம் என்பதால் இது வரவேற்கத்தக்கது.

ஆயினும் கேமரன் மலைச் சரிவில் நின்று பார்த்தால் ஒரு குறை தெரிகின்றது. தொடரேடு காப்பது எழுதிய பின்னர் உள்ள நிலையை. தராசு முள்ளைப் பார்த்து எண்ணைக் கூவும் அந்த நொடியை அது காப்பதில்லை. 18 கிலோவை 16 என முதலிலேயே எழுதிவிட்டால், பொய்யான 16 உலகம் அழியுமளவும் திருத்தப்படாமல் பாதுகாக்கப்படும். வெளியுலகச் செய்தி ஏட்டினுள் புகும் இவ்வாயிலைப் பற்றிய சிக்கலை ஆய்வாளர் ஆரக்கிள் சிக்கல் என்பர். குறிசொல்லி என்பது அச்சொல்லின் பொருள். தராசைக் கணினியோடு நேரே பிணைத்தால் கூவுபவரின் கை விலகும். கூடைக்கு எவ்வளவு கழிப்பது என்பதை அப்போதும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவில் கிள்ளியவளின் ஒப்பமும் தேவை என்னும் விதியை ஏட்டில் எழுதக் கணித நுட்பம் இடந்தருகின்றது. ஆலையின் எடையும் மலையின் எடையும் ஒரே தொடரில் நின்று, அத்தொடரின் படி தொழிலாளியின் கைப்பேசியில் இருப்பதற்கும் தடை ஏதுமில்லை. வாங்குவோருக்குத் தேயிலை பிறந்த இடத்தைக் காட்டுவதற்காக அமையும் ஏடுகளில் அவ்விதியை எழுதச் சொல்வார் யார் என்பதே எஞ்சிய வினா.

கேமரன் மலையில் இன்று கையால் கிள்ளுதல் பெரிதும் குறைந்து, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பிடித்து வெட்டுவோருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர். தமிழ்க் குடும்பங்களுள் பல மலையிறங்கிவிட்டன. எஞ்சியோர் மேற்பார்வையிலும் ஆலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் தானா ராத்தா, பிரிஞ்சாங் கடைத்தெருக்களிலும் உள்ளனர். நாட்டின் பல தொழில்களுக்கு வரும் அயல்நாட்டுத் தொழிலாளருள் கணிசமானோர், ஊரில் முகவருக்குக் கொடுத்த பணத்துக்காகக் கடன்பட்டே வருகின்றனர். அக்கடன் எழுதப்பட்டிருப்பது அவர்தம் ஊரில், வட்டிக்குக் கொடுத்தவரின் புத்தகத்தில். இங்குள்ள செக்ரோலில் அதற்கெனப் பத்தி ஏதும் இல்லை.